கடற்கரை ஊரில் களக்குறிப்பு எழுத

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மீனவர் வாழ்க்கையைப் பார்த்து எழுதக் களப்பணிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகுதான் போகும். மற்ற மாதங்களிலும் பாக் நீரிணையில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்பது முறை. இது தெரியாமல் ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் போனால் பாதி ஊரைத்தான் எழுதி வருவீர்கள்.

உள்ளங்கை அளவு நோட்டும் பென்சிலும் போதும். உப்புக்காற்றில் தாள் நமுத்து மை பரவும். பென்சில் எழுத்து நிற்கும். முதல் வாரத்தில் செல்போனில் பதிவு வேண்டாம், வருமானம், சாதி பற்றிய கேள்விகளும் வேண்டாம். எல்லை தாண்டியதாகப் படகுகள் பிடிபடுகிற கடல் இது. புது ஆள் கேள்வி கேட்டால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். வலை பின்னுகிற நிழலில் போய் உட்காருங்கள். கீழக்கரைப் பக்கம் முஸ்லிம்கள் வயதில் மூத்த ஆணைக் 'காக்கா' என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

பார்க்கும்போது எழுதுவது துண்டுக்குறிப்பு மட்டும். ஒரு மாதிரி:

"5.40. கச்சான். சூடை 3 கூறு. ப.சேலை – 2 விரல். 'போதும்ணே'. 700."

இதை அன்றைக்கே, யாரிடமும் கதையாகச் சொல்லுவதற்கு முன்னால், விரித்து எழுத வேண்டும்:

"காலை 5.40, மேல்காற்று. மணலில் சூடை மீன் 3 கூறு (குவியல்). ஏலக் கேள்வி 700 ரூபாய்க்கு வந்தது. பச்சைச் சேலைக்காரர் வாய் திறக்காமல் இரண்டு விரலை உயர்த்தினார். ஏலம் விட்டவர் அவரைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் 'போதும்ணே' என்றார். [படகுக்காரர் இவரிடம் முன்பணம் வாங்கியிருப்பாரோ? கேட்கணும்.]"

ஒரு மணி நேரம் பார்த்ததை விரிக்க இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் அந்த இரண்டு விரல் மறந்துபோய் 'ஏலம் நடந்தது' என்பது மட்டும் மிஞ்சும். அதனால் நாளெல்லாம் கரையில் நிற்காதீர்கள்.

காதில் விழுந்த சொல் அப்படியே மேற்கோளுக்குள். உங்கள் ஊகம் சதுர அடைப்புக்குள். இந்த இரண்டும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எதை அவர் சொன்னார், எதை நீங்கள் நினைத்தீர்கள் என்று பிரிக்கவே முடியாது. 'ஏழ்மையான மீனவர்' என்று எழுதினால் அதில் தகவல் ஒன்றும் இல்லை. எத்தனை பேருக்குப் பங்கு போனது, டீசல் செலவை யார் கழித்தார்கள் என்று எழுதுங்கள். 'மீன்பாடு இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதைப் 'பிடிப்பு குறைவு' என்று மாற்ற வேண்டாம். வலை காலியாக வந்ததா, விலை போகவில்லையா, கடன்காரருக்குச் சொன்ன பதிலா என்பது அடுத்த கேள்வி. தமிழ் நமக்குத் தெரியும் என்கிற தைரியத்தில்தான் இங்கே அதிகம் தவறு நடக்கிறது.

ஆள் பெயர்கள் குறிப்பில் வரக்கூடாது. ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, அந்தப் பட்டியலை வேறு நோட்டில், வேறு இடத்தில் வையுங்கள். கடல்பாசி எடுக்கிற பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற 21 தீவுகளில் எதன் பக்கம் யார் போனார் என்ற ஒரு வரி, வனத்துறை கையில் கிடைத்தால் வழக்காகலாம். தீவின் பெயரை எழுதாமல் 'தீவு' என்று மட்டும் எழுதுங்கள்.