தீவுக் கடற்கரைக்கு எந்த மாதம் போகலாம்? வெயிலை விடுங்கள், காற்றைப் பாருங்கள்

தீவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது அங்கே வெயில் எப்படி என்றுதான். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் தீவுகளில் அது பெரிய கேள்வியே இல்லை. ஜனவரியோ ஜூலையோ, வெப்பம் சில டிகிரிதான் கூடும் குறையும். மாறுவது காற்றும் மழையும். நவம்பரில் தாய்லாந்தின் கோ சமுய்க்குப் போய், சிவப்புக் கொடி நட்ட கடற்கரையை நான்கு நாள் அறைச் சன்னல் வழியாகவே பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

படி 1: தீவு பூமத்திய ரேகைக்கு மேலேயா, கீழேயா?

வரைபடத்தைத் திறந்து இதை முதலில் பாருங்கள். தாய்லாந்தின் புக்கெட், ரேகைக்கு வடக்கே சுமார் 8 டிகிரி. இந்தோனேசியாவின் பாலி, தெற்கே சுமார் 8 டிகிரி. புக்கெட்டில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. இரண்டையும் 'தென்கிழக்கு ஆசியா' என்று ஒரே பையில் போட்டுக்கொண்டு மாதம் குறித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 2: காற்று எந்தப் பக்கம் மோதுகிறது?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். காற்று நேரே வந்து மோதும் கரையில் அலையும் மழையும் அதிகம். மறைவான கரையில் அதே நாளில் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கென்றால் தென்றல், மேற்கென்றால் கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. பயணத் திட்டத்தில் மட்டும் ஏனோ திசையை மறந்துவிடுகிறோம்.

இலங்கையைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பெந்தோட்டை, மிரிஸ்ஸ பக்கத்தைப் புரட்டியெடுக்கும். அப்போது கிழக்குக் கரையின் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் நிம்மதியாகக் குளிக்கலாம். டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது ஆட்டம் தலைகீழ். நான் ஏமாந்ததும் இப்படித்தான்: நவம்பரில் புக்கெட்டுக்கு மழை விட்டுக்கொண்டிருக்கும்; அதே நாட்டின் மறுகரையில் இருக்கும் சமுய்க்கு அதுதான் அடைமழை மாதம். மலேசியாவில் மேற்குக் கரை லங்காவியும் கிழக்குக் கரை பெர்ஹென்தியானும் இதே கதை.

தீவு சின்னதாக இருந்தாலும் கணக்கு மாறாது. பிலிப்பைன்ஸின் பொராக்காய் ஏழு கிலோமீட்டர் நீளம்தான். அங்கே வடகிழக்குக் காற்றுக்கு அமிஹான், தென்மேற்குக் காற்றுக்கு ஹபாகாட் என்று பெயர். அமிஹான் வீசும்போது மேற்குக் கரையின் வெள்ளை மணல் அமைதியாக இருக்கும், கிழக்கே புலபோகில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்குவார்கள். ஹபாகாட் வந்தால் மேற்குக் கரை கொந்தளிக்கும். நடந்தே கடக்கக்கூடிய தூரத்தில் இரண்டு கடல்!

படி 3: புயல் காலத்தைக் கழியுங்கள்

கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். உச்சம் செப்டம்பர் பத்தாம் தேதியை ஒட்டி. வெனிசுவேலாவுக்கு அருகில் இருக்கும் அரூபா, பொனேர், குராசோ மூன்றும் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே தப்பித்துக்கொள்கின்றன. மொரீஷியஸ், ஃபிஜிக்குப் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. புயல் சுழல பூமியின் சுழற்சி உதவ வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிக்குள் அந்த உதவி மிகக் குறைவு. அதனால்தான் செஷல்ஸின் மாஹே போன்ற தீவுகளில் புயல் அபூர்வம். மழை பெய்யும், அது வேறு விஷயம்.

படி 4: கடலில் என்ன செய்யப் போகிறீர்கள்?

'நல்ல சீசன்' என்பது ஆளுக்கு ஆள் வேறு. குழந்தைகளோடு குளிக்க அமைதியான மாதம் வேண்டும். அலைச்சறுக்கு விளையாடுகிறவருக்கு அந்த மாதம் வீண். ஹவாயின் ஒவாஹு வடகரையில் குளிர்காலத்தில்தான் ராட்சத அலை எழும். தண்ணீருக்கடியில் மீன் பார்க்கவா? செஷல்ஸில் ஒரு காற்று அடங்கி மற்றது தொடங்காத ஏப்ரலும் அக்டோபரும் கண்ணாடித் தெளிவு. மாலத்தீவுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை போகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகள் கூட்டமாக வருவது மழைக்காலமான தென்மேற்குப் பருவத்தில். காற்றும் நீரோட்டமும் ஒதுக்கித் தள்ளும் மிதவை உயிரிகளைத் தின்ன வருகின்றன.

படி 5: மழைக் கணக்கைச் சரியாகப் படியுங்கள்

மாத மழையளவை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். அருகிலேயே மழை நாட்களின் எண்ணிக்கை இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளுத்துவிடும் மழை ஒன்று, மூன்று நாள் மூடிக்கொண்டு நிற்கும் மழை வேறு. அப்புறம், இரண்டு மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு இன்றைய செல்போன் வானிலை எதற்கும் உதவாது.

படி 6: பணம் கட்டுமுன்

போகும் இடம் அந்த மாதம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே மத்தியிலிருந்து அக்டோபர் மத்தி வரை மூடியிருக்கும். படகுப் போக்குவரத்தும் பல இடங்களில் பருவத்தோடு நின்றுவிடும்.

விடுமுறை மாதம் உங்கள் கையில் இல்லையென்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மாதத்தை வைத்துக் கரையைத் தேடுங்கள். ஜூலை என்றால் பாலி, பாசிக்குடா. பிப்ரவரி என்றால் புக்கெட், மிரிஸ்ஸ, மாலத்தீவு. காற்று திசை மாறும் மாதத்தில்தான் போக முடியும் என்றால், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து எடுங்கள். நான் எடுக்கவில்லை.