மணிக்கட்டில் பிளாஸ்டரா? ஆறு வாரமும் எலும்பு, தசை, தோலைக் கவனிக்கும் முறை

மழைக்கு வழுக்கும் நடைபாதையில் விழும்போது கை தானாகவே முன்னுக்குப் போய் ஊன்றும். உடலின் பாரம் முழுவதும் உள்ளங்கை வழியாக ஏறி, பெருவிரல் பக்கத்து முன்கை எலும்பான ஆரையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிக்கும். வைத்தியசாலையில் எலும்பை நேராக்கி, பிளாஸ்டர் போட்டு, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டு செய்வது எலும்பை அசையாமல் பிடிப்பது மட்டும்தான். தசை, மூட்டு, தோல் மூன்றையும் வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று நாள்

முறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து தேங்குவதால் 48 முதல் 72 மணித்தியாலம் வரை வீக்கம் கூடிக்கொண்டே போகும். பிளாஸ்டரோ விரிந்து கொடுக்காது. அதனால் அந்தக் கையில் இருக்கும் மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றுங்கள். பிந்தினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். படுக்கும்போது இரண்டு தலையணை அடுக்கி, கையை நெஞ்சுக்கு மேலே வையுங்கள். விரல் நுனி முழங்கையைவிட உயரமாக இருக்க வேண்டும். கழுத்துத் தூக்கில் போட்டாலும் அப்படித்தான்.

வெள்ளைப் பிளாஸ்டர் சில நிமிடங்களில் இறுகினாலும் முற்றாகக் காய இரண்டு நாளாவது எடுக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் மூன்று நாளும் ஆகலாம். காற்றாடி போதும். ஹெயார் டிரையர் பிடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், தோலும் சுடுபடும். ஈரமான கட்டை விரல் நுனியால் பிடித்துத் தூக்கினால் குழி விழும். அந்தக் குழி உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும் என்பதால் உள்ளங்கையால் தாங்குங்கள். ஃபைபர்கிளாஸ் கட்டு என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் காய்ந்துவிடும்.

வலிக்குப் பெரியவர்கள் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு தடவைக்கு இரண்டாக, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை எடுக்கலாம். நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இனிச் சொல்வதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். முன்கைத் தசைகளைச் சுற்றி இழுபடாத ஓர் உறை இருக்கிறது. உள்ளே வீக்கம் மிஞ்சினால், பெரிய நாடியில் இரத்தம் ஓடும்போதே தசைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் நசுங்கிவிடும். சுமார் ஆறு மணித்தியாலம் அப்படியே போனால் தசை இறக்கத் தொடங்கும், அது திரும்பி வராது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் சிவப்பு திரும்ப வேண்டும் என்பது நல்ல சோதனைதான். ஆனால் நகம் சிவந்திருக்கும்போதே தசை செத்துக்கொண்டிருக்கலாம், அதை மட்டும் நம்பக்கூடாது. மாத்திரை போட்டும் ஏறிக்கொண்டே போகும் நோ, இன்னொருவர் உங்கள் விரலை மெல்ல நிமிர்த்தும்போது முன்கையில் தாங்க முடியாத வலி, விரல் விறைப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்கோ கிட்ட உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும் வழியில் கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். அதற்கு மேலே தூக்கினால் ஏற்கெனவே குறைந்த இரத்தோட்டம் இன்னும் குறையும்.

இரண்டாம் வாரத்திலிருந்து

நோ குறைந்துவிட்டது என்று கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். வீக்கம் வற்றியதும் கட்டு தளரும், நேராக்கிய எலும்பு சரிந்துவிடலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுப்பது இதைப் பிடிக்கத்தான். முறிவின் நடுவே அப்போது மெல்லிய இழையம் மட்டுமே இருப்பதால் திருத்துவது சுலபம். கோணலாகப் பொருந்தி இறுகிய பிறகு சத்திரசிகிச்சைதான் வழி.

விரல்களுக்கு முதல் நாளிலிருந்தே வேலை உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் விரல்களை முற்றாக மடக்கி நிமிர்த்துங்கள், விரித்துச் சேருங்கள், பெருவிரலால் மற்ற நான்கின் நுனியையும் தொடுங்கள், ஒவ்வொன்றும் பத்துத் தடவை. முழங்கையையும் தோளையும் நாளுக்கு மூன்று நான்கு முறை முழு அளவுக்கு அசையுங்கள். நாள் முழுக்கத் தூக்கில் போட்டுக்கொண்டு திரிந்த வயதானவர்களுக்கு மணிக்கட்டு சுகமாகும், தோள் இறுகிப்போகும். பஸ்ஸில் நெரிசலில் போகும்போது தூக்கு போடுங்கள், வீட்டில் கழற்றிவிடுங்கள்.

கடி தாங்க முடியாது, உண்மைதான். தோலின் மேற்படை சுமார் நான்கு வாரத்தில் புதுப்படும். உதிர வேண்டிய பழைய படையும் வியர்வையும் கட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. ஈர்க்கு, பென்சில், பின்னல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். கீறல் பட்டால் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் சீழ் பிடிக்கும். பவுடர் கட்டியாகி உறுத்தும். கட்டின் மேல் மெதுவாகத் தட்டுங்கள், காற்றாடியின் குளிர்காற்றை வாயோரம் பிடியுங்கள். குளிக்கும்போது துண்டு சுற்றி, அதன்மேல் இரண்டு ஷொப்பிங் பேக் போட்டு டேப் ஒட்டி, கையை வெளியே நீட்டிக்கொண்டு வாளியில் குளியுங்கள். கட்டு நனைந்து இளகினாலோ துர்நாற்றம் வந்தாலோ அதே நாளில் காட்டுங்கள்.

சாப்பாட்டில் தலையோடு முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, பால், குரக்கன், அதோடு பருப்பும் முட்டையும் மீனும் இருந்தால் போதும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. சிகரெட்டை விடுங்கள். எலும்பு பொருந்துவதை அது நேராகவே தாமதப்படுத்தும்.

இடையில் கட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு உருவச் சொல்லும் ஆட்கள் எங்கும் இருப்பார்கள். பொருந்தாத முறிவை உருவினால் எலும்பு விலகும். முழங்கைக் காயம் என்றால் இன்னும் மோசம், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடலாம்.

கழற்றிய பிறகு

கட்டை அறுக்கும் வாளின் அலகு சுழலாது, அதிரும். கடினமானதை வெட்டும், மெத்தென்ற தோல் அதோடு சேர்ந்து ஆடுவதால் வெட்டுப்படுவது அரிது. சூடு அதிகமாகத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். உள்ளிருந்து மெலிந்து, செதில் படிந்த கை வரும். செதிலைச் சுரண்டாமல் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியால் ஒற்றி, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். சில நாளில் தானாக உதிரும்.

மணிக்கட்டை மேலே, கீழே, பக்கவாட்டில் நோவு தொடங்கும் இடம் வரை அசையுங்கள். பிறகு உள்ளங்கையைப் புரட்டிப் பழகுங்கள். ஈரத் துணி பிழிவது பிடிபலத்துக்கு நல்லது. நிறைந்த வாளி, அரிசி மூட்டை எல்லாம் டொக்டர் சொல்லும் வரை, வழக்கமாக இன்னும் ஆறு வாரத்துக்காவது, மற்றக் கைக்கு. கை சிவந்து மினுங்கி எரிந்தால் அல்லது பெருவிரல் திடீரென்று மேலே தூக்க வராவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். முந்தியது நரம்பு சார்ந்த வலி நோயாக இருக்கலாம். பிந்தியது பெருவிரல் தசைநாண் முறிவிடத்தில் தேய்ந்து அறுந்ததன் அடையாளம். எலும்பு விலகாத சாதாரண முறிவிலும், எல்லாம் சுகம் என்று நினைத்திருக்கும் நேரத்தில் அது வரும்.