மண்ணைப் பிடிக்கும் செயின் இரும்பில் வழுக்கும்

பர்கூர் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில், ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. டயருக்குப் பதில் இரும்புத் தகடுகள் கோத்த செயினில் நகரும் மண் தோண்டும் இயந்திரம், அதாவது இருபது டன் செயின் வண்டி ஒன்றை, தளம் தாழ்ந்த லோபெட் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ராம்ப்பில், அதாவது ஏற்றும் சாய்வுப் பலகையில், பாதி தூரம் ஏறியதும் வண்டி தானாகவே இடப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. ஆபரேட்டர் அதைத் திருப்பவே இல்லை. செயின் தகடுகளில் அப்பியிருந்த செம்மண்ணும் ராம்ப்பின் ஈர இரும்பும் சேர்ந்து சோப்பு தேய்த்த கல்லாகிவிட்டன. "அண்ணா, அப்படியே நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். நிறுத்தினார். நிதானமாக, வந்த நேர்க்கோட்டிலேயே இறக்கினார். அந்த இடத்தில் வண்டியைத் திருப்பிச் சரிசெய்யப் பார்த்திருந்தால் அது கவிழ்ந்திருக்கும்.

அன்று நாங்கள் செய்த தவறு, மண்ணைச் சுரண்டாமல் ஏற்றியது. கடப்பாரையால் தகடு தகடாகச் சுரண்ட அரைமணி நேரம் ஆகும். வாடகை நேரம் ஓடுகிறதே என்று அந்த அரைமணியைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். மண்ணைச் சுரண்டுங்கள், ராம்ப்பைத் துடையுங்கள், ஈரம் போகாவிட்டால் காய்ந்த மணலைத் தூவுங்கள். ராம்ப்பின் சாய்வு 15 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. டிரெய்லர் நிற்கும் இடம் சமதளமாக இருக்கட்டும். ராம்ப்பின் மேல் வண்டியைத் திருப்பவே கூடாது. கோணல் என்று தெரிந்தால் கீழே இறக்கி மறுபடி நேர் பார்த்து ஏற்றுங்கள்.

செயின் என்பது இளகிய தரைக்காக உருவான பொருள். எடையைப் பரப்பிவிடுவதுதான் அதன் வேலை. குல்மார்க்கிலும் ஆலியிலும் பனிச்சறுக்குத் தளத்தைச் சமன்செய்யும் இயந்திரங்களைப் பாருங்கள். பல டன் எடை இருந்தும் பனியில் புதைவதில்லை. அவற்றின் செயின் அவ்வளவு அகலம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் அழுத்தம்தான் விழுகிறது. நம் குவாரி வண்டியில் அது 400, 500 கிராம். பெரிய பனி இயந்திரம் செயினோடு நின்றால் 4 மீட்டருக்கு மேல் அகலம் வரும். அதனால் சாலையில் கொண்டுபோகும்போது செயினையே கழற்றிவிடுகிறார்கள். உடல் மட்டும் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. செயினோடுதான் ஏற்ற வேண்டும், அந்த அகலத்தோடுதான் சாலையில் போக வேண்டும். நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

அடுத்த தவறு உயிரை வாங்கக்கூடியது. ஆபரேட்டர் உட்காரும் மேல்பகுதியைச் செயினின் மேல் அரைவட்டம் திருப்பிவிட்டால், நகர்த்தும் லீவர்கள் தலைகீழாக வேலை செய்யும். முன்னே தள்ளினால் வண்டி பின்னே போகும். இருபது வருட அனுபவசாலியும் டிரெய்லர் தளத்தின் மேல் ஒரு நொடி இதை மறக்கலாம். அங்கே ஒரு நொடிக்கு உண்டான இடம்கூட இல்லை. லீவரைத் தொடுமுன், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் லீவர் சொன்னபடி கேட்கும். கீழே நின்று சைகை காட்ட ஒரே ஒருவர் போதும். நான்கு பேர் நான்கு விதமாகக் கைகாட்டினால் ஆபரேட்டர் யாரை நம்புவார்?

ஏற்றியபின் மேல்பகுதி சுழலாமல் பூட்டும் ஸ்விங் லாக் போடுங்கள். பக்கெட்டை மரக்கட்டையின் மேல் இறக்கி வையுங்கள். முன்னும் பின்னும் சங்கிலியால் இழுத்துக் கட்டுங்கள். ஹைட்ராலிக் சிலிண்டரின் பளபளக்கும் தண்டில் சங்கிலி படவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். வண்டி எடையே போதும், எங்கே நகரப் போகிறது என்று கட்டாமல் கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரும்பின் மேல் இரும்பு நிற்கிறது, சடன் பிரேக் அடித்தால் இருபது டன்னும் லாரி கேபினை நோக்கித்தான் வரும்.

அகலத்துக்கு வருவோம். சாலை வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர். இருபது டன் செயின் வண்டியின் அகலம் 2.8 முதல் 3 மீட்டர். தளம் 2.6 மீட்டர் என்றால் இருபுறமும் 10 முதல் 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன் அனுமதி வாங்காமல், சிவப்புக் கொடியும் விளக்கும் இல்லாமல் இரவில் போவது, எதிரே பைக்கில் வருகிற பிள்ளைக்குச் செய்யும் துரோகம். உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். தளத்தோடு சேர்ந்து 4 மீட்டரைத் தொடும். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளுக்கு நடுவே போகும் கிராமச் சாலைகளில் கிளையும் கேபிள் வயரும் தாழ்ந்து தொங்கும். மின்கம்பி வெயிலில் நீண்டு இன்னும் தொய்யும். காலையில் இடிக்காமல் போன இடம் என்று மதியம் நம்பிப் போகாதீர்கள்.

சேலம் நோக்கிப் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தருமபுரியிலிருந்து போகும்போது அது முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதைப் போலக் கொடிய தவறு வேறில்லை. கியரில் இல்லாதபோது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். லைனிங் சூடேறிப் புகையும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கணவாய்க்கு முன்பே ஓரம் கட்டி, பிரேக் காற்றழுத்தத்தையும் சங்கிலி இறுக்கத்தையும் பாருங்கள். சங்கிலி ஓரளவு தளர்ந்துதான் இருக்கும், ஒவ்வொரு முறையும். தாழ்ந்த கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள். நடு இறக்கத்தில் கியர் மாற்றத் தேடாதீர்கள்.

வேலையிடத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அகலமான தகடு என்றால் நல்லது என்று குவாரி வண்டிக்கும் அதையே மாட்டுகிறார்கள். ஏரிச் சேற்றுக்கு அது சரி. பாறை முனையில் ஏறும்போது அகலத் தகட்டின் ஓரம் வளைகிறது, போல்ட் அறுகிறது. பாறைக்குக் குறுகிய தகடுதான் பொருத்தம். தார்ச்சாலையில் நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்புவதும் வேண்டாம். தாரும் பெயரும், தகடும் தேயும்.

செயினை இறுக்கிப் பிடிப்பது உள்ளே அடைத்த கிரீஸ். செயினைத் தளர்த்தும்போது கிரீஸ் வால்வை மெல்ல, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திறவுங்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் அளவு அழுத்தத்தில் இருக்கிறது. முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள். கிரீஸ் வரவில்லை என்று வால்வை முழுதாகக் கழற்றவும் வேண்டாம். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினால் தானாக வரும்.