ஆஸ்பத்திரியில் கூட இருப்பவரை யார் பார்ப்பது?

தெரிந்தவர் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம், கட்டிலருகில் பத்து நிமிஷம் நிற்கிறோம், கிளம்பும்போது "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்கிறோம். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எங்கள் அப்பா இடுப்பு எலும்பு முறிந்து 19 நாள் வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் இருந்தபோது நானும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாலு ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை.

நோயாளியை டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் உதவி தேவைப்படுவது கூட இருக்கும் அட்டெண்டருக்கு. ராத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்து, பெயர் கூப்பிட்டால் எழுந்து ஓடுகிறவர் அவர்தான்.

அவருக்கு முதலில் தேவை சாப்பாடு என்று நினைப்போம். சென்னையில் அது அவ்வளவு பெரிய பாடு இல்லை. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் பெரிய அரசு ஆஸ்பத்திரி வளாகங்களிலும் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட்டு வரும்வரை நோயாளி பக்கத்தில் இருக்கத்தான் ஆள் இல்லை. போன நேரம் பார்த்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டால்? ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டால்? அதனால் நீங்கள் கொண்டுபோக வேண்டியது உங்கள் இரண்டு மணி நேரத்தை. "சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வர்றேன், பத்து வரைக்கும் நான் உட்கார்ந்திருக்கேன், நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வா" என்று நாள், நேரம் போட்டுச் சொல்லுங்கள். பெண்கள் வார்டு என்றால் ஆண் அட்டெண்டரை உள்ளே விட மாட்டார்கள், வீட்டில் அக்காவையோ அம்மாவையோ அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்குப் போய்விடுவது முக்கியம், அவர் உங்களை நம்பித்தான் ராத்திரியே துணியெல்லாம் மடித்து வைத்திருப்பார்.

சாப்பாடு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம் மாதிரி நின்றுகொண்டே சாப்பிடக்கூடியதாக, கழுவித் திருப்பித் தரவேண்டாத டப்பாவில் கொடுங்கள். எவர்சில்வர் கேரியர் கொடுத்துவிட்டு மறுநாள் போன் போட்டு "அந்த கேரியர்..." என்று இழுத்தார் ஒரு மாமா. நல்ல மனுஷர்தான், ஆனால் அப்பா ஆபரேஷனில் இருந்த நேரம் அது.

பையில் போட்டுக் கொடுக்க: பாய், போர்வை, நீள வயர் உள்ள சார்ஜர், பிளாஸ்க், கொசு க்ரீம், பேனா, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை. ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் நாலைந்து செட். ஜெராக்ஸ் எடுக்க நான் ரோடு கடந்து ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.

காகித வேலை அலையத் தெரிந்தவரா நீங்கள்? அப்படியென்றால் பெரிய உதவியே அதுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கார்டு இல்லாவிட்டால் வருமானச் சான்றிதழ் வேண்டும், அதற்கு இ-சேவை மையத்தில் போய் உட்கார ஒரு ஆள் வேண்டும். வார்டை விட்டு நகர முடியாதவரிடம் "கார்டு போட்டுடுங்க" என்று யோசனை சொல்வதற்குப் பதில், பேப்பரை வாங்கிக்கொண்டு நீங்களே போங்கள்.

ரத்தம் கேட்டால் உடனே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், பத்து நாள் கழித்தும் அட்டெண்டருக்கு போன் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் 18-லிருந்து 65 வயதுக்குள், 45 கிலோவுக்கு மேல், கடைசியாகக் கொடுத்து ஆணென்றால் மூன்று மாதம், பெண்ணென்றால் நாலு மாதம் ஆகியிருந்தால் சாப்பிட்டுவிட்டு நேரே ரத்த வங்கிக்குப் போங்கள். மற்ற தகுதியை அங்கேயே சோதித்துச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், பூட்டிக் கிடக்கும் வீடு. எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணி லாரி வரும். எதிர் வீட்டு அக்கா யாரும் சொல்லாமலே எங்கள் குடங்களையும் வரிசையில் வைத்து நிரப்பி வாசலில் மூடி வைத்திருந்தார். அதில் ஒன்று ஓட்டைக் குடம், அதையும் பிடித்து வைத்து, பாதிக்கு மேல் ஒழுகிப்போனதற்கு என்னைத் திட்டினார். 19 நாளில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். பால் பாக்கெட்டை எடுத்து வைப்பது, பிள்ளையை ஸ்கூலில் விடுவது, மாடியில் காயும் துணியை மழைக்கு முன் எடுப்பது, இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரால் மட்டும்தான் முடியும்.

பணம் கொடுப்பதென்றால் கவரில் போட்டுக் கையில் திணித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். "எவ்வளவு செலவாச்சு?" வேண்டாம். தெரிந்த சித்த வைத்தியர் கதையும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் பதினைந்து நாளில் ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருப்பார்கள். நடக்க முடியாதவரை மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும், ஓபி சீட்டு வாங்க விடிந்ததும் போய் வரிசையில் நிற்க இன்னொருவர். டிஸ்சார்ஜ் அன்றைக்கே அந்தத் தேதியைக் கேட்டு உங்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.