குளிர்காலத்தில சுவிஸ் மலைக்கு போற எங்கட ஆக்கள் பனிச்சரிவு ஆபத்தை எப்பிடி பாக்கிறது

யாழ்ப்பாணத்தில இருந்து மார்கழி, தை மாசத்தில சுவிஸுக்கு சொந்தக்காரர் வீட்டை போற ஆக்கள் இப்ப கனபேர், போனா மச்சான்மார் கட்டாயம் மலைக்கு கூட்டிக்கொண்டு போவினம். எங்கட ஊர் முழுக்க தட்டை நிலம், மலைச்சரிவைப் பாத்து ஆபத்தை மதிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, அதால இதை வடிவா வாசிச்சிட்டு போங்கோ.

முதல் நாள் பின்னேரமே பனிச்சரிவு ஆபத்து அறிக்கை பாக்கோணும். டாவோஸில இருக்கிற எஸ்எல்எஃப் எண்ட பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில அதை பின்னேரம் 5 மணிக்கு விடும், காலமை 8 மணிக்கு புதுசு வரும், அவையின்ர வைட் ரிஸ்க் (White Risk) ஆப்பிலயும் இருக்கு. ஆபத்து 1 இலிருந்து 5 வரைக்கும். 3 எண்டா நடுவிலதானே எண்டு நினைச்சிடாதேங்கோ, கனபேர் செத்தது 3 போட்ட நாளிலதான், ஒரு ஆள் சரிவில கால் வைச்சாலே பனி கழண்டு வரக் காணும். எந்த உயரத்தில, எந்தத் திசைச் சரிவில எண்டும் போட்டிருப்பினம், அதையும் பாருங்கோ.

30 பாகைக்கு மேல சரிவெண்டா கவனம். சுவிஸ் அரசாங்கத்தின்ர சுவிஸ்டோப்போ மேப்பில அந்த இடங்களுக்கு தனி நிறம் இருக்கு. நீங்கள் தட்டையில நிண்டாலும் தலைக்கு மேல சரிவு இருந்தா அங்க நிண்டு போட்டோ எடுக்க வேண்டாம்.

காத்தைத்தான் ஆக்கள் கவனிக்கிறேல்லை. மணற்காட்டில காத்து மணலை அள்ளிக்கொண்டு போய் மேட்டுக்கு மற்றப்பக்கம் கொட்டுற மாதிரித்தான், பனியையும் மலை முகட்டுக்கு அங்கால குவிக்கும், அது இறுகி ஒரு பலகையா நிக்கும். அதுக்கு கீழ பலவீனமான படை இருந்தா முழுப் பலகையும் ஒண்டா வழுக்கும். சவளால பனியை நேரா வெட்டி அந்தச் சுவரை கையால குத்திப் பாத்தா இது தெரியும், மேல ஒரு விரல்கூட இறங்காது, கீழ முழுக் கையும் சும்மா போகும், அள்ளினா ஒட்டாம குறுணியா கொட்டும். இப்பிடிக் கண்டா திரும்புங்கோ. காணேல்லை எண்டதுக்காக பயமில்லை எண்டு ஏறவும் ஏலாது, பத்து மீற்றர் தள்ளி வேற மாதிரி இருக்கும்.

கால் வைக்கேக்க "வூம்" எண்டு சத்தம் கேட்டாலோ, பனியில வெடிப்பு ஓடினாலோ, பக்கத்தில புதுசா சரிஞ்சு கிடந்தாலோ அதோட நிப்பாட்டுங்கோ. கனக்க ஸ்னோ கொட்டினதுக்கு அடுத்த நாள், மழை, திடீர் வெக்கை, இதுகளும் கூடாது.

குறி வைச்ச பாதைய விட்டு வெளியில போறதெண்டா ஒவ்வொருத்தரிட்டயும் பீக்கன் (புதைஞ்ச ஆளைத் தேட சிக்னல் விடுற, பிடிக்கிற சின்னக் கருவி), குத்திப் பாக்கிற நீளத் தடி, சவள் மூண்டும் இருக்கோணும், மச்சானிட்ட மட்டும் இருந்து சரிவராது, அவரே புதைஞ்சா ஆர் தேடுறது? முதல் பத்து நிமிசத்துக்குள்ள எடுத்தா பெரும்பாலும் தப்புவினம், பிறகு கெதியா குறைஞ்சிடும், ஹெலி வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்க நேரமில்லை. ஒராள் 1414 க்கோ (ரேகா எண்ட ஹெலி மீட்பு) 112 க்கோ (பொது அவசர நம்பர்) அடிக்க, மற்ற ஆக்கள் அந்தக் கணமே பீக்கனை தேடுற மோட்டுக்கு மாத்திப்போட்டு இறங்கோணும். அந்த மோட்டுக்கு மாத்திற பட்டன் எங்க இருக்கெண்டு பாத்து, வீட்டு முற்றத்திலயே ஒரு பீக்கனைப் புதைச்சு வைச்சு தேடிப் பழகிட்டு வெளிக்கிடுங்கோ.