ஒரே பாணியில் விளையாடாதீர்கள்: ‘தி ஃபேன்டம் பெயின்’ கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேன்டம் பெயின்’ வெளிவந்தது 2015 செப்டம்பரில். பதுங்கிப் பதுங்கி ஆடும் ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது. கதை நடப்பது 1984இல், முதலில் சோவியத் படைகள் ஆக்கிரமித்திருக்கும் ஆப்கானிஸ்தானில். ஒன்பது ஆண்டு கோமாவில் கிடந்து எழுந்த ஸ்னேக், எதிரியிடம் சிக்கிய பழைய தோழன் காஸ் மில்லரை மீட்கக் குதிரையில் கிளம்புகிறான். அங்கிருந்து கேம் கையைப் பிடித்து அழைத்துப்போவதை நிறுத்திவிடுகிறது. பாதையை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, ஒரு வழி பலித்துவிட்டால் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வது. கையில் மயக்க ஊசித் துப்பாக்கி, அதில் சைலன்சர், நேரம் நடு இரவு, குறி எதிரியின் தலை. ஆரம்பத்தில் இது அற்புதமாக வேலை செய்யும். தலையில் பட்ட அடுத்த நொடி ஆள் சுருண்டு விழுவான், பக்கத்து அறையில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. ஆனால் எதிரி இதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறான். தொடர்ந்து தலையையே குறிவைத்தால், சில மிஷன்கள் கழித்து வீரர்கள் ஹெல்மெட் போட்டு நிற்பார்கள். எப்போதும் இரவிலேயே நுழைந்தால் இரவில் பார்க்கும் கண்ணாடி வந்துவிடும். புகை, மயக்க வாயு என்று போனால் முகமூடி. வெளிப்படையாகச் சுட்டுக்கொண்டே நுழைகிற பழக்கம் இருந்தால் உடல் கவசமும் ஷாட்கன்னும். சரி, சத்தமே இல்லாமல் நுழைகிறோம் என்றால் கேமராவும் கண்ணிவெடியும் பொம்மை வீரர்களும் வந்து நிற்கும்.

“திடீரென்று கேம் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது” என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். கஷ்டத்தை ஏற்றிவிட்டது அவர்களுடைய பழக்கம். அதனால் ஆரம்பத்திலிருந்தே மாற்றி மாற்றி விளையாடுங்கள். ஒரு மிஷன் பகலில், அடுத்தது இரவில். ஒரு இடத்தில் ஊசி, இன்னொரு இடத்தில் பின்னால் போய்க் கழுத்தைப் பிடிப்பது. ஏற்கெனவே எல்லோரும் ஹெல்மெட்டோடு நிற்கிறார்கள் என்றாலும் பரவாயில்லை. எதிரி முகாம்களிலிருந்து கடத்தி உங்கள் படையில் சேர்த்த வீரர்களைக் காம்பாட் டிப்ளாய்மென்ட் என்ற மெனு வழியாக வெளி வேலைக்கு அனுப்பி எதிரியின் ஹெல்மெட் சப்ளையையே அழிக்க முடியும். கொஞ்ச காலத்துக்குப் பழையபடி வெறும் தலைகள் தெரியும். இந்த மெனுவை எட்டிக்கூடப் பார்க்காமல் கேமை முடித்தவர்கள் உண்டு. உண்மையில் அவர்கள் பாதி கேமைத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

அடுத்தது அவசரம். குதிரையை விட்டு இறங்கியதும் நேராக முகாமுக்குள் புகுந்துவிடுவது. முதல் பெரிய மிஷனையே எடுத்துக்கொள்வோம். காஸ் அடைபட்டிருக்கும் கிராமம் மேட்டில் ஏறிப்போகிற ஊர், வீட்டுக்கு வீடு காவல். காஸைக் காப்பாற்ற மூன்று நாள்தான் கெடு என்று ஸ்னேக்கின் கூட்டாளி ஒசலாட் சொன்னதும் பலர் பதறிக் குதிரையை விரட்டுகிறார்கள். பதற வேண்டியதில்லை, பொழுதை வேகமாக ஓட்டும் ஃபேன்டம் சிகாரை இஷ்டத்துக்குப் பிடிக்காதவரை அந்த நேரம் தாராளம். முதலில் எதிர்ப்பக்கம் ஒரு மேடான இடம் தேடிப் படுத்து, பைனாகுலரில் ஒவ்வொருவராகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை குறித்துவிட்டால் சுவருக்குப் பின்னால் போனாலும் அவர் எங்கே இருக்கிறார் என்று திரையில் தெரியும். கோபுரத்தில் ஒருவன், விளக்குக்குப் பக்கத்தில் இருவர், தனியாகச் சுற்றி வருகிற ஒருவன். அந்தத் தனி ஆள்தான் உங்களுடைய முதல் ஆள்.

அவனை உடனே மயக்கிவிடாதீர்கள், பிடித்து விசாரியுங்கள். கைதி எங்கே, மற்றவர்கள் எங்கே என்பதையெல்லாம் அவனே சொல்லிவிடுவான். ஆனால் அவர்கள் பேசுவது ரஷ்ய மொழி. ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைக் கடத்தி வரும் சைட் ஆப்ஸை, அதாவது கிளை மிஷனை, பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஆள் நம் தளமான மதர் பேஸில் இல்லாதவரை விசாரணையில் பாதிப் பயன்கூட இல்லை. மற்ற சைட் ஆப்ஸ் எல்லாம் காத்திருக்கட்டும், இதை முதலில் முடித்துவிடுங்கள். அதேபோல வழியில் ஒரு நாய்க்குட்டி குரைத்தபடி வரும். விட்டுவிட்டுப் போகாதீர்கள், மதர் பேஸுக்குத் தூக்கிச் செல்லும் ஃபுல்டன் பலூனைக் கட்டி அனுப்பிவிடுங்கள். அது வளர்ந்து டிடி ஆனதும், அக்கம்பக்கத்தில் இருக்கும் எதிரிகளை மோப்பத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

முகாமுக்குள் நுழைந்தபின் ஆட்களை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. பொருள்களையும் பாருங்கள். நான்காவது மிஷனில் தகவல் தொடர்புச் சாதனங்களை உடைக்கச் சொல்வார்கள். அந்த மிஷனோடு அது முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், கேம் நமக்கு அங்கே ஒரு பாடம் எடுக்கிறது. ஒரு முகாமின் ரேடியோ சாதனத்தை உடைத்துவிட்டால், உள்ளே என்ன கலவரம் நடந்தாலும் வெளியிலிருந்து உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாது. அதை உடைக்காமல் சண்டை தொடங்கினால், பத்துப் பேரோடு முடிய வேண்டியது பக்கத்து முகாமிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்களோடும் சேர்ந்து நடக்கும். மின்சாரப் பெட்டியை நிறுத்தினால் விளக்குகள் அணையும். ராடாரைத் தகர்த்தால் நம் ஹெலிகாப்டர் அங்கேயே இறங்கலாம். பெரிய முகாம் எதற்குள் போனாலும் இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள். ஆள் எண்ணிக்கை அப்புறம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரைக் கவிழ்த்துவிடுகிறது. வரைபடமும் மெனுக்களும் இருக்கும் ஐட்ராய்டு கருவியைத் திறந்தால் கேம் நிற்காது. நீங்கள் வரைபடத்தில் மூழ்கியிருக்கும்போது பின்னாலிருந்து காவலாளி நடந்து வந்துகொண்டே இருப்பான். மறைவான இடத்தில் இருக்கும்போது மட்டும் திறங்கள்.

ஃபுல்டன் பலூனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளைப் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்புவதில் ஒரு குஷி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விழுந்தவனை எல்லாம் விழுந்த இடத்திலேயே கட்டி அனுப்பாதீர்கள். மேலே எழும் பலூனை இன்னொரு காவலாளி பார்த்தால் காரியம் கெட்டது. பக்கத்துச் சுவருக்குப் பின்னாலோ கட்டடத்தின் மறுபக்கமோ தூக்கிக்கொண்டு போய் அனுப்புங்கள். புழுதிப்புயல் அடிக்கும்போதும், ஆள் பலத்த காயத்தோடு கிடக்கும்போதும் பலூன் தோற்கும் வாய்ப்பு அதிகம், நல்ல ஆளை வீணாக இழப்பீர்கள். புயலை வேறு வேலைக்குப் பயன்படுத்துங்கள். யார் கண்ணுக்கும் படாமல் வெட்டவெளியைக் கடக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மாட்டிக்கொண்டதும் செக்பாயின்ட்டுக்குத் திரும்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த கேமின் அருமையே திட்டம் உடைந்தபின்தான் தெரியும். எதிரி பார்த்த நொடியில் காலம் மெதுவாகும். அந்த இடைவெளியில் பார்த்தவனை வீழ்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது. அது தவறிப்போனாலும் எதிரிகள் உங்களைக் கடைசியாகப் பார்த்த இடத்தைத்தான் சுற்றி வளைப்பார்கள். நீங்கள் அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நகர்ந்துபோய்ப் புல்லில் அசையாமல் படுத்தால் காலடி தூரத்தில் போகிறவனுக்குக்கூடத் தெரியாமல் போகலாம். காலி மேகஸினைத் தூக்கி எறியுங்கள், சத்தம் கேட்ட பக்கம் அவர்கள் திரும்புவார்கள். அது தீரவே தீராது, தாராளமாக எறியலாம்.

ஸ்கல்ஸ் விஷயத்தில் மட்டும் வேறு கணக்கு. மூடுபனியோடு திடீரென்று வந்து நிற்கிற இந்த உருவங்களைக் கண்டதும் மல்லுக்கட்டுவதுதான் வழி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். காஸைத் தோளில் சுமந்திருக்கும்போதும் சரி, ஆறாவது மிஷனில் ஹனி பீ ஏவுகணையை எடுத்துக்கொண்டு திரும்பும்போதும் சரி, ஓடித் தப்பிப்பது முழுக்க நியாயமான வழி. கையில் நல்ல ஆயுதம் வந்தபின் ஆசை தீர மோதிக்கொள்ளலாம்.

மிஷனை முடித்தால் கிடைக்கும் மிக உயர்ந்த மதிப்பீடான எஸ் ரேங்க்கை முதல் தடவையிலேயே துரத்தவும் வேண்டாம். அதற்கு 1,30,000 புள்ளி வேண்டும், அதில் வேகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வேகத்தைத் துரத்தினால் மேலே சொன்ன எதையும் நின்று நிதானமாகச் செய்ய முடியாது. முடித்த மிஷனை எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஆடலாமே.

கடைசியாக, கேமில் கிடைக்கும் ஒலிப்பதிவுக் கேசட்டுகள். கதையின் கணிசமான பகுதி அவற்றில்தான் இருக்கிறது. கேட்காமல் விட்டவர்கள்தான் “கதையே புரியவில்லை” என்கிறார்கள். கதையின் பின்னணிப் போரையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்கானிஸ்தானில் நீங்கள் குதிரையில் கடக்கிற கிராமங்களில் ஊர்மக்கள் ஒருவர்கூட இல்லை, சோவியத் வீரர்கள் மட்டும்தான். 1979 டிசம்பரில் தொடங்கி 1989 பிப்ரவரி வரை நீண்ட அந்தப் போரில் லட்சக்கணக்கான ஆப்கானியர்கள் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகப் போனார்கள். அமெரிக்க ஸ்டிங்கர் ஏவுகணைகள், சோவியத் படைகளை எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்கள் கைக்கு வந்தது 1986இல். அதற்கு இரண்டாண்டு முன்னால் நடக்கிற இந்தக் கதையில் கற்பனை ஏவுகணையான ஹனி பீ வந்து உட்கார்ந்திருப்பதை, இந்த வரலாறு தெரிந்தபின் இன்னும் ரசிக்க முடிகிறது. ஒரு முகாமிலிருந்து அடுத்ததற்குக் குதிரையில் போகும் நீண்ட தூரங்களில் ஒவ்வொரு கேசட்டாக ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் மட்டும் ஆனில் இருக்க வேண்டாம், எதிரிக்கும் கேட்கும்.