பழைய தாலுகா கச்சேரியைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வெள்ளையர் காலத்துக் கச்சேரிகளும் (அரசு அலுவலகங்கள்) பயணியர் விடுதிகளும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பே சில சமயம் அவற்றுக்கு எமனாகிவிடுகிறது.

முதல் குற்றவாளி சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைப் பூச்சின் வழியே காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்பையும் இழுத்துக்கொண்டு அது இன்னும் மேலே ஏறும். பூசிய சில ஆண்டுகள் கழித்து, சுவரின் அடிப்பகுதியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஓசை வரும் இடத்தில் ஒரு சில்லைப் பெயர்த்தால், பின்னால் வெள்ளை உப்பு பூத்திருக்கும். செங்கல் மாவாக உதிரும். உடனே மேலும் ஒரு பூச்சுக்கு மதிப்பீடு தயாராகிறது! இதைக் கண்டு மனம் பதறாமல் இருக்க முடியவில்லை.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேட வேண்டும். பல வளாகங்களில் கான்கிரீட் தளத்தின்மேல் தளமாகப் போட்டு, முற்றம் கட்டடத்தின் பீடத்துக்குச் சமமாக உயர்ந்துவிடுகிறது. மழைநீர் நேராக அஸ்திவாரத்தில் இறங்குகிறது. அந்தத் தளத்தை வெட்டியெடுத்து வடிகால் அமைத்தாலே பாதி நோய் தீரும்.

பிறகு, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பைப் பூச வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். இதற்குப் பொறுமை வேண்டும். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்கும் அவசரத்தில் சுண்ணாம்பு வேலை உருப்படாது. சென்னை சேப்பாக்கத்தில் 2012-இல் தீயில் சிதைந்த, ஆற்காட்டு நவாப் அரண்மனையின் பகுதியான கலச மகாலையே சுண்ணாம்பு கொண்டு பொதுப்பணித் துறையால் மீட்க முடிந்திருக்கிறது. நம் ஊர்க் கச்சேரிக்கு மட்டும் ஏன் முடியாது?

கூரை ஒழுகினால் மெட்ராஸ் டெரஸின்மேல், அதாவது மரக்கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய தட்டைக் கூரையின்மேல், கான்கிரீட் கொட்டாதீர்கள். அந்தப் பாரத்தைத் தாங்குபவை தேக்குக் கட்டைகள். சுவருக்குள் புதைந்த அவற்றின் முனைகள்தான் முதலில் உளுக்கும். முனைகளைச் சோதித்து, கெட்டதை மாற்றி, மேலே சுண்ணாம்புத் தளத்தைப் புதிதாக இட வேண்டும். சுவருக்கு வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் வேண்டாம். கருங்கல் தூண்களுக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது.

விரிவாக்கத்தில் பெரிய ஆபத்து, பழைய சுவர்மேல் மாடி எழுப்புவது. அதற்கு அடுத்தது, பழைய அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகக் குழி தோண்டுவது. புதுக் கட்டடம் அமிழும் வேகம் வேறு, பழையது எப்போதோ அமிழ்ந்து நின்றுவிட்டது. இரண்டையும் இறுகப் பிணைத்தால் விரிசல் நிச்சயம். தள்ளிக் கட்டி, நடுவே இடைவெளி விட்டு, இலேசான நடைபாதைக் கூரையால் இணையுங்கள். கழிப்பறைகள் புதுக் கட்டடத்தின் மறுகோடியில் இருக்கட்டும். குழாய்க் கசிவு பழைய சுவரைத் தொடக் கூடாது.